தாயம் விழுந்தா இன்னொரு ஆட்டம்: பகடையும் போனஸும், புதுச்சேரியிலிருந்து

இந்த எபிசோடில் நாம பேசப்போறது ஒரு சின்ன வார்த்தையைப் பத்தி: போனஸ். தீபாவளி போனஸ் இல்லை, விளையாட்டில் வர்ற போனஸ். பகடை உருட்டும்போது "இதுக்கு ரெண்டு கூட்டிக்கோ", "இன்னொரு தரம் உருட்டிக்கோ" அப்படின்னு கிடைக்கிற சலுகை. அது எங்கிருந்து வந்தது, அதோட உண்மையான மதிப்பு என்ன, அதை யார் கணக்குப் போட்டாங்க, யார் போடாம ஏமாந்தாங்க, இதுதான் இன்னைக்குக் கதை.

இந்தக் கதையைச் சொல்ல புதுச்சேரி ரொம்பப் பொருத்தமான ஊர். ஏன்னா மூணு பேர் இந்த ஊர்க் கதையில் சந்திக்கிறாங்க. பகடையில் நாட்டைத் தோற்ற தருமன், பகடையில் தோற்று அப்புறம் பகடையைக் கத்துக்கிட்டு ஜெயிச்ச நளன், பகடையை வெச்சு புதுக் கணிதத்துக்கு அடித்தளம் போட்ட பிரெஞ்சுக்காரர் பாஸ்கல். ஒவ்வொருத்தரா வருவாங்க.

ஒரு புள்ளியோட விலை

முதல்ல இப்போ விளையாடுறதுல இருந்து ஆரம்பிப்போம். டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம் உங்களில் சிலர் ஆடியிருப்பீங்க. நாலைஞ்சு பேர் மேசையைச் சுத்தி உக்காருவாங்க. ஒருத்தர் கதையை நடத்துவார். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். "நான் அந்தக் கதவை உடைக்கிறேன்"னு சொன்னா, உடையுதா இல்லையான்னு பகடை முடிவு பண்ணும். இந்த வகையில் முதல்ல விற்பனைக்கு வந்த ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ரெண்டு பேரும் சேர்ந்து 1974-ல் அமெரிக்காவில் வெளியிட்டது.

இந்த ஆட்டத்தோட அடையாளமே 20 முகம் உள்ள பகடை. 1 முதல் 20 வரை எந்த எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, ஆளுக்கு 5 சதவீதம். அதனால் போனஸ் கணக்கும் சுலபமா தெரியும்: ஒவ்வொரு கூட்டல் புள்ளியும் 5 சதவீதம். கதவை உடைக்க 15 அல்லது அதுக்கு மேல வேணும்னா, 15-லிருந்து 20 வரை ஆறு எண்கள், அதாவது 30 சதவீதம். பலசாலிப் பாத்திரம்னு ஒரு புள்ளி போனஸ் கொடுத்தா 35 சதவீதம்.

ஆனா கொஞ்சம் நின்னு பாருங்க. 20 விழுந்தாதான் ஜெயம்னு இருக்கிற இடத்தில் வாய்ப்பு 5 சதவீதம். அங்கே ஒரு புள்ளி போனஸ் கிடைச்சா 10 சதவீதம். அதாவது வாய்ப்பு இரண்டு மடங்கு! அதே ஒரு புள்ளி, 2 விழுந்தாலே போதும்கிற இடத்தில் 95-ஐ 100 ஆக்குது. முதல் ஆளுக்கு அது பெரிய வரம். ரெண்டாவது ஆளுக்கு வெறும் நிம்மதி.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இன்னொரு வகை போனஸ் சேர்ந்தது. ரெண்டு பகடையை உருட்டி, பெரியதை வெச்சுக்கலாம். 11 தேவைப்படும் இடத்தில் 50 சதவீதம் இருந்த வாய்ப்பு 75 ஆயிடும். அஞ்சு புள்ளி கூட்டினதுக்குச் சமம். ஆனா 20 தேவைப்படும் இடத்தில் 5 சதவீதம் 9.75 ஆகும், அவ்வளவுதான். ஒரு புள்ளி கூட்டினதுக்கும் கொஞ்சம் கம்மி.

ஆக முதல் பாடம்: போனஸோட பேரைப் பார்த்து அதன் மதிப்பைச் சொல்ல முடியாது. எந்தப் பகடை, எந்த இடம், எவ்வளவு தேவை, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும். இந்த விஷயம் 1974-ல் புதுசு இல்லை. நம்ம வீட்டுத் தரையிலயே ரொம்ப நாளா இருக்கு.

தாயக்கட்டையின் பதினாறு

தாயம் தெரியாதவங்க கம்மி. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க ஒரு பக்கம் பரமபதம், இன்னொரு பக்கம் தாயம். பழைய கோயில் மண்டபத்துத் தரையிலும், வீட்டுத் திண்ணையிலும் ஆட்டக் கட்டம் கீறி வெச்சிருக்கிறதை நீங்க பார்த்திருப்பீங்க. கீழடி அகழாய்விலும் ஆட்டக் காய்களும் பகடையும் கிடைச்சிருக்கு. அந்தக் காலத்து மக்கள் அதை என்ன விதியில் ஆடினாங்கன்னு அந்தக் காய்கள் நமக்குச் சொல்லாது. ஆனா இன்னைக்கு நம்ம வீடுகளில் ஆடுற தாயத்தின் விதி கைவசம் இருக்கு. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தாயக்கட்டை ரெண்டு. நீளமான பித்தளைக் கட்டை, நாலு பக்கம். ஒரு பக்கம் ஒரு புள்ளி, அடுத்து ரெண்டு, அடுத்து மூணு, நாலாவது பக்கம் வெறுமை. ரெண்டையும் சேர்த்து உருட்டினா மொத்தம் 4 பெருக்கல் 4, அதாவது 16 விதமா விழலாம். பேப்பர் இருந்தா எழுதிப் பாருங்க, இல்லைன்னா நான் சொல்றேன்.

ஒண்ணு, அதாவது தாயம்: 16-ல் 2 விதம்.
ரெண்டு: 3 விதம்.
மூணு: 4 விதம்.
நாலு: 3 விதம்.
அஞ்சு: 2 விதம்.
ஆறு: 1 விதம்.
ரெண்டுமே வெறுமை: 1 விதம்.

நடுவில் மேடு, ரெண்டு ஓரமும் சரிவு. மூணுதான் அதிகம் விழும். ஓரத்தில் இருக்கிறதெல்லாம் அபூர்வம்.

இப்போ விதியைப் பாருங்க. வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், பரவலா இருக்கிறதை எடுத்துக்கறேன். ரெண்டும் வெறுமையா விழுந்தா அது பூஜ்ஜியம் இல்லை, பன்னிரண்டு! அப்புறம் தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு, இந்த நாலில் எது விழுந்தாலும் இன்னொரு ஆட்டம். ரெண்டு, மூணு, நாலு விழுந்தா கட்டையை அடுத்தவங்க கையில் கொடுக்கணும்.

கவனிச்சீங்களா? போனஸ் கிடைக்கிற எண்கள் எல்லாமே ஓரத்து எண்கள். நடு மேட்டில் இருக்கிற மூணு எண்களுக்கும் போனஸ் கிடையாது. அபூர்வமா விழுறதுக்குப் பரிசு, அடிக்கடி விழுறதுக்கு ஒண்ணுமில்லை. ரெண்டு கட்டையும் வெறுமையா விழுறது ரொம்ப அபூர்வம், 16-ல் ஒண்ணு. சும்மா விட்டா அதுதான் ஆட்டத்திலயே மோசமான வீச்சு. அதையே எல்லாத்தையும் விட பெரிய எண்ணா மாத்தி வெச்சிருக்காங்க.

இனி வேகத்தைப் பார்ப்போம். போனஸ் எதுவுமே இல்லாம, வெறுமையை வெறுமையாவே எண்ணினா, சராசரியா ஒரு முறைக்கு 3 கட்டம் நகரலாம். வெறுமையைப் பன்னிரண்டு ஆக்கினா ஒரு வீச்சின் சராசரி 3.75. அதோட இன்னொரு ஆட்டம்கிற விதியையும் சேர்த்தா, ஒருத்தர் கையில் கட்டை வந்து போறதுக்குள்ள சராசரியா 1.6 தரம் உருட்டுவார். 3.75-ஐ 1.6-ஆல் பெருக்குங்க. சரியா 6. போனஸ் விதிகள் ரெண்டும் சேர்ந்து ஆட்டத்தோட வேகத்தை 3-லிருந்து 6-க்கு, மிகச் சரியா இரண்டு மடங்கு ஆக்கியிருக்கு.

இன்னொண்ணு. காயை இறக்கணும்னா தாயம் விழணும். ஒரு வீச்சில் அதுக்கு 16-ல் 2, அதாவது எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆனா அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தா மறுபடி உருட்டலாம். அந்த நாலு விதங்களும் "திரும்ப முயற்சி பண்ணு"ன்னுதான் சொல்லுது. அதை ஒதுக்கி வெச்சா மிச்சம் 12 விதம். அதில் 2 தாயம், 10 தோல்வி. ஆக ஒரு முறைக்கு ஆறில் ஒரு பங்கு.

ஆறில் ஒண்ணு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குல்ல? லூடோவில் காய் இறங்க ஆறு விழணும். ஆறு முகப் பகடை, வாய்ப்பு ஆறில் ஒண்ணு. லூடோ நம்ம நாட்டுப் பச்சீசியிலிருந்து எடுத்து 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கப்பட்ட ஆட்டம். வேற பகடை, வேற விதி. ஆனா காய் இறங்கக் காத்திருக்கும் நேரம் அதேதான்.

இதை வெச்சு ஒரு ஆறுதலும் சொல்லலாம். பத்து சுற்று போயும் தாயம் விழாம உக்காந்திருக்கும் ஆளைப் பார்த்து "உனக்கு ராசியே இல்லை"ன்னு கிண்டல் பண்ணுவோம். அப்படி பத்து சுற்று காத்திருக்க நேர்ற வாய்ப்பு சுமார் 16 சதவீதம். கிட்டத்தட்ட ஆறு பேரில் ஒருத்தருக்கு இது நடக்கும். ராசி இல்லாததால் இல்லை, யாராவது ஒருத்தருக்கு நடந்தே ஆகணும்.

அப்போ நம்ம பாட்டிமார்களுக்கு நிகழ்தகவு தெரியுமா? "எல்லாம் முன்னமே நம்மகிட்ட இருந்தது"ன்னு கைதட்டல் வாங்குறது சுலபம். ஆனா யாரும் இப்படி 16 விதத்தையும் எழுதி வெச்சு இந்த விதியை வகுத்தாங்கன்னு சொல்ல ஆதாரம் இல்லை. நடந்திருக்கக்கூடியது இதுதான்: பல தலைமுறை ஆடிப் பார்த்திருக்காங்க. சலிப்பு தட்டின விதி போயிருக்கும், சண்டை வந்த விதி போயிருக்கும், சுவாரசியமான விதி தங்கியிருக்கும். கணக்கு ஏட்டில் இல்லை, பழக்கத்தில் இருக்கு.

அதை ஏட்டில் எழுதினவங்க வேற இடத்தில் இருந்தாங்க.

பாரிஸில் ஒரு பந்தயம்

பதினேழாம் நூற்றாண்டு பிரான்ஸ். அந்துவான் கோம்போ என்ற எழுத்தாளர், தன்னை ஷெவாலியே தெ மேரே என்று அழைத்துக்கொண்டவர், சூதாட்டத்தில் ஆர்வம் உள்ளவர். அவர் பேர் ரெண்டு பந்தயத்தோட சேர்ந்து வரலாற்றில் நிக்குது. ஒரு பகடையை நாலு தரம் உருட்டினா ஒரு ஆறாவது விழும்கிறது முதல் பந்தயம். ரெண்டு பகடையை 24 தரம் உருட்டினா ஒரு தரமாவது ரெண்டுமே ஆறு விழும்கிறது ரெண்டாவது. ரெண்டும் ஒரே மாதிரி தோணும். ஏன்னா 6-க்கு 4 எப்படியோ 36-க்கு 24 அப்படியே.

ஆனா முதல் பந்தயத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு 51.8 சதவீதம். ரெண்டாவதில் 49.1 சதவீதம். ஒண்ணு மெதுவா பணக்காரன் ஆக்கும், இன்னொண்ணு மெதுவா ஏழை ஆக்கும். ஒரே ஒரு வீச்சை போனஸா கொடுத்து 25 ஆக்கிட்டா 50.5 சதவீதம். தோக்கிற பந்தயம் ஜெயிக்கிற பந்தயமா மாறிடும்! இன்னொரு ஆட்டத்தோட மதிப்பு என்னன்னு இதைவிடத் தெளிவா சொல்ல முடியாது.

தெ மேரே கேட்ட கேள்விகள் பிளேஸ் பாஸ்கல் கைக்குப் போச்சு. 1654-ல் பாஸ்கலும் துலூஸ் நகரத்தில் இருந்த பியர் தெ ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கிட்டாங்க. அதில் முக்கியமான கேள்வி, பாதியில் நின்னுபோன ஆட்டம். ரெண்டு பேர் ஆளுக்கு 32 காசு வெச்சு ஆடுறாங்க. முதல்ல மூணு ஆட்டம் ஜெயிக்கிறவருக்கு மொத்தம் 64 காசு. ஒருத்தர் ரெண்டு, இன்னொருத்தர் ஒண்ணு ஜெயிச்ச நிலையில் ஆட்டம் நின்னுடுச்சு. பணத்தை எப்படிப் பிரிக்கிறது?

பாஸ்கல் பின்னாடி நடந்ததைப் பார்க்கல, இனி நடக்கக்கூடியதைப் பார்த்தார். அடுத்த ஆட்டத்தில் முன்னணியில் இருக்கிறவர் ஜெயிச்சா 64-ம் அவருக்கு. தோத்தா ரெண்டுக்கு ரெண்டு, சமநிலை, ஆளுக்கு 32. அதனால் என்ன ஆனாலும் 32 அவருக்கு உறுதி. மிச்ச 32-க்கு ரெண்டு பேருக்கும் சம வாய்ப்பு, அதில் பாதி 16. ஆக 48-க்கு 16. நடக்காத ஆட்டத்தில் ஒருத்தருக்கு இருக்கிற பங்கை எண்ணாகச் சொல்ல முடியும்! நிகழ்தகவுக் கணிதத்தின் ஆரம்பம்னு பொதுவா சொல்றது இந்தக் கடிதங்களைத்தான்.

நமக்கு முன்னாடி இத்தாலியில் ஜெரோலமோ கார்டானோவும் பகடையைப் பத்தி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஆனா அது அவர் இறந்து ரொம்ப காலம் கழிச்சு, 1663-லதான் அச்சானது.

இந்த இடத்தில்தான் புதுச்சேரி வருது. 1664-ல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பாஸ்கல் கடிதம் எழுதி சரியா இருபது வருஷம். கடிதத்துக்கும் கப்பலுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனா நினைச்சுப் பாருங்க: எழுதப்பட்ட பகடைக் கணக்கு இருந்த நாட்டிலிருந்து வந்த கப்பல், எழுதப்படாத பகடைக் கணக்கு இருந்த கரையில் நின்னுச்சு.

எழுத வேண்டியது எல்லாமே இருந்தும்

நம்ம நாட்டில் எழுத வேண்டிய கருவிகள் இல்லையா? இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் வாசனைப் பொருள் தயாரிக்கிறதைப் பத்தி எழுதும்போது, 16 பொருள்களில் நாலு நாலா தேர்ந்தெடுத்தா 1,820 விதம் வரும்னு சொல்றார். சரியான விடை. எத்தனை விதம்னு எண்ணத் தெரிஞ்சிருந்தது. பகடை இருந்தது. எண்முறையும் இருந்தது. ஆனா வாசனைக்குப் போட்ட அந்தக் கணக்கைப் பகடைக்குப் போட்டு, இதுக்கு இவ்வளவு வாய்ப்புன்னு எழுதின நூல் நம்ம கைக்கு வரல.

தத்துவ அறிஞர் இயன் ஹேக்கிங் 1975-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வருஷமா பகடை உருண்டிருக்கு, அப்புறம் ஏன் நிகழ்தகவுக் கணிதம் 1660-ஐ ஒட்டித்தான் பிறந்தது? இந்தக் கேள்வியைப் பேசும்போது அவர் இந்தியாவிலிருந்து ஒரு கதையை எடுக்கிறார். அது நளன் கதை.

நளனுக்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம்? காரைக்கால் பக்கத்தில் திருநள்ளாறு. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த ஊர். சனிப்பெயர்ச்சி அன்னைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடுமே, அதே கோயில். நளனைப் பிடிச்ச சனி அங்கேதான் விலகியதுன்னு தலபுராணம். குளத்துக்குப் பேரே நளதீர்த்தம். அங்கே குளிக்கிறவங்க நினைவில் இருக்கிறது கிரகம். ஆனா மகாபாரதத்தில் நளன் மீண்டு வர்ற வழியில் ஒரு கணக்கும் இருக்கு.

நளன் தன் தம்பி புட்கரனிடம் பகடையில் நாட்டைத் தோற்கிறான். காட்டில் தமயந்தியைப் பிரிகிறான். கடைசியில் உருமாறி, இருதுபர்ணன் என்ற அரசனிடம் தேரோட்டியாகச் சேர்கிறான். ஒருநாள் தேரில் வேகமாகப் போகும்போது வழியில் ஒரு தான்றி மரம். இருதுபர்ணன் ஒரு பார்வை பார்த்து, ரெண்டு கிளைகளில் இத்தனை இலை, 2,095 காய் என்று சொல்கிறான். நளன் நம்பல. தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கு. எப்படித் தெரியும்னு கேட்கிறான். பகடையின் ரகசியமும் எண்ணும் கலையும் எனக்குத் தெரியும் என்கிறான் அரசன். நளன் தன் குதிரைக் கலையைக் கொடுத்து அந்தக் கலையை வாங்கிக்கொள்கிறான். அந்த நொடியே அவன் உடம்பிலிருந்து கலி வெளியேறுகிறான்.

மரம் தான்றி மரமாக இருப்பது தற்செயல் இல்லை. வேத காலத்தில் பகடையாக உருட்டியது தான்றிக்காயைத்தான். பகடை காய்க்கிற மரத்தடியில் பகடைக் கலை கைமாறுது. ஒரு சில கிளையைப் பார்த்து மொத்தத்தை மதிப்பிடுறதும் பகடையும் ஒரே கலைன்னு கதையை எழுதினவருக்குத் தோணியிருக்கு. இன்னைக்குப் புள்ளியியல் வகுப்பில் அதைத்தான் சொல்றாங்க. புகழேந்திப் புலவர் நளவெண்பா பாடி இந்தக் கதையைத் தமிழில் நிலைக்க வெச்சார்.

கதையில் நளனைக் காப்பாத்தினது எது? அதிர்ஷ்டம் திரும்பினது மட்டும் இல்லை. எண்ணக் கத்துக்கிட்டான். அப்புறம்தான் புட்கரனை மறுபடி ஆட்டத்துக்குக் கூப்பிட்டான், ஜெயிச்சான்.

எண்ணாத தருமன்

இப்போ மூணாவது ஆள். அவரைப் பார்க்க புதுச்சேரி நகரத்துக்கே வரணும். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இப்போ நினைவு இல்லமா இருக்கு. தெருவோட பேரிலேயே தர்மராஜா, அதாவது தருமன். இந்தப் பக்கத்து ஊர்களில் தருமராஜா கோயில், திரௌபதி அம்மன் கோயில் நிறைய. அந்தத் திருவிழாக்களில் பாரதம் படிப்பாங்க, தெருக்கூத்து நடக்கும். பகடையாட்டமும் துகிலுரிதலும் கூத்தில் தனி இரவா நடக்கும்.

பாரதி பிரிட்டிஷ் கைதிலிருந்து தப்பி 1908-ல் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்தார். 1918 வரை இங்கே இருந்தார். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-ல் வந்தது. சூதாட்டச் சருக்கம் அந்தப் பாகத்தில்தான் இருக்கு. நாட்டைப் பணயம் வைக்கும் இடத்தில் பாரதி தருமன் மேல் கோபப்படுகிறார். கோயில் பூசாரி சாமி சிலையை விற்ற மாதிரி, வாசலில் காவல் நிக்கிறவன் வீட்டையே தோற்ற மாதிரி என்கிறார். உன் கையில் கொடுத்து வெச்சது உன்னுடையது இல்லை, அதை எப்படிப் பணயம் வெப்பே என்பதுதான் அந்தக் கோபம். நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில் அதைப் படிச்சவங்களுக்கு அது வெறும் பழைய கதை இல்லை.

நம்ம இன்னைக்கு இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். தருமன் எந்த விதியில் ஆடினான்? பந்தயம் வைப்பது துரியோதனன், பகடை உருட்டுவது சகுனி. ஒருத்தருக்காக இன்னொருத்தர் ஆடுவது முறையில்லைன்னு வியாச பாரதத்தில் தருமன் சொல்கிறான். சொல்லிட்டு, ஆடவும் செய்கிறான். சகுனியின் பகடை அவன் அப்பா எலும்பில் செஞ்சதுன்னு மக்கள் சொல்ற கதை ஒண்ணு உண்டு. அது பிற்காலத்தில் சேர்ந்தது. ஆனா அந்தக் கதை சரியான இடத்தைத் தொடுது: பகடை எப்படி விழும்னு ஒருத்தருக்குத் தெரியும், இன்னொருத்தருக்குத் தெரியாது.

பகடையை ஏமாத்த பெரிய மாயம் தேவையில்லை. நம்ம தாயக்கட்டையையே எடுத்துக்குவோம். வெறுமைப் பக்கம் நாலில் ஒரு தரம் விழணும், அதாவது 25 சதவீதம். கட்டையைச் சரியா சதுரமா வார்க்காம, அது 30 சதவீதம் விழுற மாதிரி இருந்தா? கையில் வெச்சுப் பார்த்தா வித்தியாசமே தெரியாது. ஆனா பன்னிரண்டு விழும் வாய்ப்பு 6.25-லிருந்து 9 சதவீதம் ஆயிடும். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஒரு ராத்திரி முழுக்க ஆடினா அந்தக் கட்டையை அறிஞ்சவர் பக்கம்தான் ஆட்டம் சாயும். தோத்தவர் ராசியைத் திட்டிட்டுப் போவார்.

தருமனுக்கும் நளனுக்கும் உள்ள வித்தியாசம் ஒழுக்கத்தில் இல்லை. ரெண்டு பேருமே நல்லவங்க, ரெண்டு பேருமே நாட்டைத் தோத்தவங்க. நளன் தோத்த பிறகு பகடையைக் கத்துக்கிட்டான். தருமன் ஒரு தரம் தோத்து, எல்லாம் திரும்பக் கிடைச்ச பிறகும், அதே சகுனியோட அதே பகடைக்கு இன்னொரு தரம் உக்காந்தான்.

இன்னைக்குச் சகுனி எங்கே?

இது ஏன் முக்கியம்? போனஸ் என்கிற வார்த்தை இப்போ நம்ம ஃபோனுக்குள்ள வந்தாச்சு. "சேர்ந்தவுடனே போனஸ்", "பணம் போட்டா இரண்டு மடங்கு". இணையத்தில் பணம் வெச்சு ஆடுற ஆட்டங்களில் நிறைய இளைஞர்கள் கடன்பட்டாங்க, தமிழ்நாட்டில் உயிரையே மாய்ச்சுக்கிட்டவங்களும் உண்டு. இதைத் தடுக்க தமிழ்நாடு சட்டப்பேரவை 2022-ல் ஒரு மசோதா நிறைவேற்றியது. 2023-ல் அது சட்டமானது. அதே வருஷம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏத்துக்கிட்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம்னு பட்டியலில் சேர்த்ததை ரத்து செய்தது, ரெண்டும் திறமை ஆட்டம் என்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிட்டு, இணையத்தில் பணம் வெச்சு ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது.

பணம் வெச்சு ஆடுறது மட்டும் இல்லை. சாதாரண வீடியோ கேமில் பணம் கொடுத்துத் திறக்கிற மர்மப் பெட்டி இருக்கு. உள்ளே என்ன வரும்னு தெரியாது. 2017-லிருந்து சீனாவில் அந்தப் பெட்டிகளில் எதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு நிறுவனங்கள் வெளியிட்டே ஆகணும். 2018-ல் பெல்ஜியம் அவற்றைச் சூதாட்டம்னே அறிவிச்சது. சீனா கேட்டது ஒரே ஒரு விஷயம்: பகடைக்கு எத்தனை பக்கம்னு சொல்லுங்க.

திருக்குறளில் சூது என்று ஒரு அதிகாரமே இருக்கு. சூதில் ஜெயிக்கிறதே மீன் தூண்டில் முள்ளை விழுங்கின மாதிரிதான் என்கிறார் வள்ளுவர். பயம் காட்டுறது தோல்வியைச் சொல்லி இல்லை, வெற்றியைச் சொல்லி. சேர்ந்தவுடனே கிடைக்கிற போனஸுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

அப்போ போனஸே வேண்டாமா? அப்படி இல்லை. போனஸ் இல்லாத தாயம் முறைக்கு மூணு கட்டம் நகரும் சோம்பேறி ஆட்டம். யாரும் ராத்திரி முழுக்க முழிச்சு ஆட மாட்டாங்க. கேள்வி போனஸ் இருக்கா இல்லையா என்பது இல்லை, அதை எண்ண முடியுமா என்பதுதான். தாயத்தில் கட்டை தரையில் கிடக்கு. நாலு பக்கமும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒரே கட்டையைத்தான் எல்லாரும் உருட்டுறாங்க. போனஸ் எனக்கு எவ்வளவோ உங்களுக்கும் அவ்வளவு. ரோல் பிளேயிங் கேமிலும் கதை நடத்துறவர் ஒரு புள்ளி போனஸ் கொடுத்தா அது 5 சதவீதம்னு மேசையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். போனஸை எண்ண முடிஞ்சா அது விளையாட்டு. ஒருத்தர் மட்டும் எண்ணக்கூடியதா இருந்தா, அந்த ஒருத்தர் பேர் சகுனி.

அதனால் இந்த எபிசோடுக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் தாயக்கட்டை இருந்தா எடுங்க. 160 தரம் உருட்டி, எது எத்தனை தரம் விழுதுன்னு கோடு போடுங்க. தாயம் சுமார் 20, மூணு சுமார் 40, பன்னிரண்டு சுமார் 10 வரணும். அஞ்சாறு கூடக் குறைய இருக்கலாம், கவலை வேண்டாம். பன்னிரண்டு 25 தரம் விழுந்தா மட்டும் அந்தக் கட்டையை வாங்கினது யார்னு வீட்டில் விசாரிங்க. அடுத்த முறை ஃபோனில் ஏதாவது ஒரு செயலி போனஸ் தர்றேன்னு சொன்னா, இதே கேள்வியை அங்கேயும் கேளுங்க: கட்டையைக் கொஞ்சம் கையில் கொடு, நான் எண்ணிப் பார்க்கிறேன்.

உங்க வீட்டுத் தாய விதி வேற மாதிரி இருந்தா எழுதி அனுப்புங்க. அந்த விதியில் வேகம் எவ்வளவு வருதுன்னு சேர்ந்தே கணக்குப் போடுவோம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.